முதுகுக்குப் பின்னால் விழுந்த கோல்

ஆடி பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது, மழைக்கான மாதமில்லை, ஆனாலும் அன்று சாயங்காலம் சிறுமலைப் பக்கமிருந்து ஒரு மேகம் வழிதவறி வந்து ஊருக்கு மேலே நின்று, பத்து நிமிடம் பெய்துவிட்டுப் போனது, பேகம்பூர் டீக்கடையின் தகரக் கூரையிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது வத்தலக்குண்டு சாலையிலிருந்து காற்று திரும்பியது, கூடவே அந்த வாடையும் வந்தது. ஊருக்குப் புதியவர்கள் கைக்குட்டையைத் தேடுகிற வாடை, ஊறிய தோலும் சுண்ணாம்பும் மரப்பட்டையும் கலந்தது, என் சின்ன வயதில் எந்நேரமும் ஊரின்மேல் ஒரு போர்வைபோலக் கிடந்தது, இப்போது இப்படி எப்போதாவது ஈரக்காற்றில் ஒரு வீச்சு வந்து போகிறது.

கடையில் அந்த நேரத்தில் ஒரே பேச்சு, முந்தின நாள் தோற்றது. 2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டம், சொந்த மண், போன வருடத்துச் சாம்பியன், அஸ்வின் தலைமை, இத்தனை இருந்தும் திண்டுக்கல் டிராகன்ஸ் திருப்பூரிடம் 118 ரன்னில் தோற்றுப்போனது, அவர்கள் 220, நாம் 102. ‘நாம்’ என்று சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான், அந்தப் பதினொரு பேரில் எத்தனை பேருக்கு நம் மணிக்கூண்டு எந்தப் பக்கம் என்று தெரியும், ஆனால் நண்பனின் பேரனுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை, அவன் போன வருடம் ஆகஸ்ட் 4 அன்று வேன் பிடித்துச் சேப்பாக்கம் போய், இரண்டு வருடமாகக் கோப்பையைக் கையை விட்டு விடாத கோவையை நாம் ஆறு விக்கெட்டில் அடித்ததைக் கண்ணால் பார்த்தவன். இந்த ஆட்டத்துக்கு என்னையும் நண்பனையும் கூட்டிக்கொண்டு போனதும் அவன்தான், சாணார்பட்டி, கோபால்பட்டி தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே வெள்ளை விளக்கு தெரிகிறவரை பஸ்ஸில் பாதி நேரம் எழுந்து நின்றபடியே வந்தான், திரும்பும்போது எதுவும் பேசவில்லை, போனில் விழுந்த விக்கெட்டுகளையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான், அதைத்தான் டீக்கடையிலும் செய்துகொண்டிருந்தான். எல்லாவற்றையும் எல்லோரும் பார்த்திருந்தார்கள், இரண்டு மூன்று கோணத்தில், மெதுவாகவும் வேகமாகவும், அதனால் யாருக்கும் யாரிடமும் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, ‘பவர்பிளேலயே போச்சு’ என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் ஆமாம் என்றார், பேச்சு அவ்வளவில் நின்றது.

எனக்கோ அந்த வாடையில் வேறொரு பந்து நினைவில் உருண்டு வந்தது.

பந்துத் தாத்தா என்றுதான் எங்களுக்குத் தெரியும், அவர் பெயரை நாங்கள் கேட்டதில்லை, கேட்கவேண்டும் என்று தோன்றாத வயது. பன்னிரண்டு வயதில் தோல் ஷாப்பில் இறங்கியவர், இறங்கியவர் என்பது வெறும் பேச்சில்லை, சுண்ணாம்புக் குழிக்குள் இடுப்பளவுக்கு இறங்குவதுதான் வேலை, உப்புத்தோலை ஊறப்போட்டு அலசி, சுண்ணாம்பில் கிடத்தி, முடியைச் சுரண்டி, சவ்வை வழித்து, பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள்கணக்காக மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டி, இத்தனையும் முடிந்து அந்தத் தோல் பெட்டிகட்டிச் சீமைக்குப் போகும், குழியில் நின்றவர்களின் கால் நகம் சுண்ணாம்பில் வெந்து உதிரும். டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தபோது இந்த ஊர்க்காரர்கள் பலர் அதை வாங்கினார்கள், நானும் வாங்கினேன், நாலைந்து பக்கம் தாண்டுவதற்குள் எனக்குத் தாத்தாவின் விரல்கள்தான் தெரிந்தன, நகம் இருக்கவேண்டிய இடத்தில் மழமழவென்று கொட்டைப்பாக்கு மாதிரி இருந்த விரல்கள்.

குழி வேலைக்கு உடம்பு ஆகாமல் போன பிறகு அவர் திண்ணையில் உட்கார்ந்து செருப்பு, பை, மாட்டுக்கு வார், எதுவும் தைப்பார், ஆனால் அவர் மதித்த வேலை பந்துதான். செயின்ட் மேரிஸ் பள்ளிச் சாமியார்கள் கொடுத்தனுப்பும் கிழிந்த பந்துகளை வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்ப்பார், பிறகு காதருகே வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார், டாக்டர் முதுகில் தட்டுவதுபோல, அப்புறம்தான் குத்தூசியை எடுப்பார். அந்தக் காலத்துப் பந்துக்கு ஒரு வாய் உண்டு, உள்ளே பிளாடரைத் திணித்து, காற்றடித்து, குழாயை மடக்கிக் கட்டி, வாயை வாரால் கோத்து இழுத்து மூடவேண்டும், வார் மேடாக நின்றால் தலையால் முட்டுகிறவனின் நெற்றியில் கோடு விழும், தாத்தா கட்டிய பந்தில் வார் இருக்கும் இடம் கைக்கு அகப்படாது. மழைநாளில் தோல் தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடாமல் இருக்க விளக்கெண்ணெய் தடவச் சொல்வார், நான் அதை அப்பத்தாவின் புட்டியிலிருந்து திருடுவேன், அவள் கண்டுபிடித்துவிட்டு, மூக்குப்பொடி மட்டையை இடுப்பில் செருகிக்கொண்டே, ‘காலால ஒதைக்கிற சாமானுக்கு என்னடா இம்புட்டுச் சீராட்டு’ என்பாள், அவளிடமிருந்து பொடி வாசமும் எண்ணெய் வாசமும் சேர்ந்து வரும், எனக்கு இன்றைக்கும் கால்பந்து என்றால் அந்த மூன்று வாசமும்தான், புல் வாசமெல்லாம் பிறகு புத்தகத்தில் படித்தது.

செயின்ட் மேரிஸ் கிரவுண்டில் புல் எங்கே இருந்தது, செம்மண்தான், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மலைக்கோட்டைப் பாறை முதலில் மஞ்சளாகி, பிறகு வெந்த செங்கல் நிறமாகி, கடைசியில் யானை முதுகுபோலக் கறுத்துக்கொண்டு வரும், அந்த மூன்று நிறத்துக்குள் ஆடி முடித்துவிடவேண்டும், சேசுசபைச் சாமியார் ஒருவர் வெள்ளை அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு எங்களோடு ஓடுவார், பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது, சத்தத்தை வைத்து உதைக்கச் சொல்வார். தாத்தா சுவரோரம் உட்கார்ந்திருப்பார், மைதானத்துக்கு முதுகைக் காட்டி. ஆட்டம் பார்க்க வந்தவர் ஏன் இப்படி உட்கார்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை, ஒருநாள் கேட்டதற்கு, கண்ணில் சுண்ணாம்புக் காரம் ஏறிப்போச்சு, மேற்கு வெளிச்சம் கூசுது, அதோட பந்தைப் பாத்து என்ன பண்ண, அது பேசுதே போதாதா என்றார்.

கல்லூரிக்குப் போன சமயம், 1983. அந்த ஜூன் 25ஆம் தேதி லார்ட்ஸில் கபில்தேவின் ஆட்கள் 183 ரன் மட்டும் எடுத்துவிட்டு வெஸ்ட் இண்டீஸை 43 ரன்னில் சாய்த்தார்கள், யாரும் நினைக்காதது, அதற்குள் ரேடியோவை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் மறுநாள் காலையில் நம்பவில்லை, ஒரே வாரத்தில் ஊரில் தென்னை மட்டையெல்லாம் பேட் ஆனது. ஒரு மகத்தான கவிழ்ப்பு எங்கள் பாவப்பட்ட ஆட்டத்தையும் சேர்த்துக் கவிழ்த்ததை நான் இப்போது கசப்பில்லாமல்தான் சொல்கிறேன், அப்போது கசப்பாகத்தான் இருந்தது, பந்துக்குப் போன வருடம் கிடைத்த பணம் இந்த வருடம் ஸ்டம்புக்குப் போனது, கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துக்கு மதுரை போகவேண்டிய அணிக்குப் புதுப்பந்து கிடையாது, தாத்தா தைத்த பழைய பந்து ஒன்றுதான். எதிரணி மதுரையின் பெரிய கல்லூரி ஒன்று, தோற்றவர்கள் பெயரைச் சொல்வது அழகில்லை, அதனால் விட்டுவிடுகிறேன், அவர்களிடம் பல்கலைக்கழக அணியில் ஆடுகிறவர்களே நாலு பேர் இருந்தார்கள், எங்களில் பூட்ஸ் சொந்தமாக வைத்திருந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம் கூட.

ஆட்டக்காரர்கள் பதினான்கு பேர், சும்மா பார்க்கப் போனவர்கள் ஒன்பது பேர், பத்தாவதாகப் பந்துத் தாத்தா. யாரும் கூப்பிடவில்லை, திண்டுக்கல் ஜங்ஷனில் காலை பாசஞ்சர் நின்றபோது மஞ்சப்பையில் பந்தோடு அவர் ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருந்தார், எஞ்சினுக்கு முதுகு காட்டும் இருக்கையில், கரித்தூள் கண்ணில் விழாது என்று. அம்பாத்துரையில் வண்டி ஊர்ந்தது, இடப்பக்கம் சிறுமலை பனி மூடி ஒரு பெரிய மாடு படுத்திருப்பதுபோலக் கிடந்தது, கொடைரோட்டில் நிலக்கோட்டை மல்லிகைக் கூடைகள் ஈரச்சாக்கு போர்த்தி ஏறின, பெட்டி முழுக்கப் பூ வாசம், அதற்கு நடுவில் தாத்தாவின் மடியிலிருந்து தோல் வாசம், பூக்காரம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, ‘என்ன பெரியவரே மடியில’ என்றாள், அவர் ரொம்ப நிதானமாக, ‘பேத்தி’ என்றார். சோழவந்தான் வந்ததும் வெற்றிலைக் கொடிக்காலின் பச்சை இருட்டு, தென்னைகளுக்கு இடையே வைகை கொஞ்சம் தண்ணீரும் மிச்சம் மணலுமாக, நாங்கள் தோற்கப்போவதைப் பற்றி முழுத் திருப்தியோடு பேசிக்கொண்டு போனோம், மூணா, நாலா என்பதுதான் கேள்வி, தோற்ற பிறகு டவுன்ஹால் ரோட்டில் எங்கே சாப்பிடலாம் என்பதில்தான் உண்மையான விவாதம்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் பாதி முழுக்கப் பந்து எங்கள் பக்கமே கிடந்தது, எங்கள் கோலி, ஓட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டை தூக்கி வளர்ந்தவன், மூட்டையைப் பிடிக்கிற மாதிரியே எல்லாவற்றையும் நெஞ்சோடு பிடித்தான். இடைவேளைக்குப் பிறகு தூறல், அவர்களுடைய புதுப்பந்தில் காற்று இறங்கிக்கொண்டே போனது, பம்ப் வைத்திருந்த அறையின் சாவி யாரிடமோ இருந்தது, ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் பந்தை வாங்கிக்கொண்டார். மஞ்சப்பை காலியானதும் தாத்தா எழுந்து போய்த் தூங்குமூஞ்சி மரத்தடியில், வழக்கம்போல ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார், மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தார், நம்மூர்ச் சுருட்டு, நனைந்திருந்தது, தீக்குச்சி மூன்று அணைந்தது, என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில் குந்தி, இரண்டு கையையும் கூடாக்கி அந்தச் சுடரை மறைத்தேன். சுருட்டின் நுனி சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் எங்கோ பந்தில் ஒரு கால் பட்ட சத்தம், பம் என்று, உறுமியில் கை வைத்ததுபோல, தாத்தா வாயில் சுருட்டோடு, ‘போச்சு உள்ள’ என்றார், அதற்குப் பிறகுதான், ஒரு மூச்சுவிடும் நேரம் கழித்துத்தான், எங்கள் ஒன்பது பேரின், இல்லை, எட்டுப் பேரின் கூச்சல் கேட்டது.

ஒன்றுக்கு பூஜ்யம். அவ்வளவுதான் ஆட்டம்.

திரும்பி வந்த ரயிலில் சாப்பாடு மறந்துபோனது, பன்னும் கடலைப் பொட்டலமும்தான், ஆனால் அந்தக் கோலை நாங்கள் அன்றிரவு சமைத்த அளவுக்கு எந்தக் கிளப்புக் கடையிலும் சமைத்திருக்க மாட்டார்கள். சமயநல்லூரில் அது பெனால்டி கட்டத்து ஓரத்திலிருந்து அடித்த கோல், சோழவந்தானில் இருபது கெஜம், வாடிப்பட்டியில் முப்பது, கொடைரோடு தாண்டியபோது பாதி மைதானத்துக்கே வந்துவிட்டது, அடித்தவன் ஜன்னலோரம் வெட்கப்பட்டுக்கொண்டு மறுக்காமல் இருந்தான். நானும் சேர்ந்துகொண்டேன். இடதுகால் என்று முதலில் சொன்னது நான்தான், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, எல்லோரும் ஏதாவது சேர்த்தபோது என் பங்குக்கு ஒரு கால் சேர்த்தேன். தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது கண்ணை மூடியிருந்தார். அடுத்த சுற்றில் வேறொரு கல்லூரியிடம் நாலு பூஜ்யத்தில் தோற்றோம், அதைப்பற்றி இதுவரை யாரும் எந்த ரயிலிலும் பேசியதில்லை.

பிறகு வங்கி வேலை, 1991இல் கல்கத்தா, வடக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடி அறை, கடுகெண்ணெயும் ஈரச்சுவரும் பழைய புத்தகமும் மணக்கும் வீடு. வீட்டுக்காரருக்கு எண்பது இருக்கும், மோகன் பகான் பக்தர், ஈஸ்ட் பெங்காலை அடித்த நாளில் வீட்டில் இறால், தோற்ற நாளில் எதிர்வீட்டு ஹில்சா வாசம் வராதபடி ஜன்னலை அடைத்துவிடுவார். 1980 ஆகஸ்ட் 16இல் ஈடன் கார்டனில் அந்த இரண்டு அணிகள் ஆடியபோது நெரிசலில் 16 பேர் செத்துப்போனார்கள், அன்றிலிருந்து அவர் மைதானத்துக்குப் போவதில்லை, ரேடியோதான், அதையும் துணிபோட்டு மூடித்தான் கேட்பார். மழைக்காலச் சாயங்காலங்களில் அவர் சொல்வது ஒரே கதை, 1911 ஜூலை 29, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம், அவருடைய அப்பா அக்கரையிலிருந்து ஸ்டீமரில் வந்து பார்த்தது. அந்த ஷீல்டில் மோகன் பகான் முதலில் செயின்ட் சேவியர் கல்லூரிப் பையன்களை மூன்று பூஜ்யத்தில் தாண்டி, பிறகு வெள்ளைக்கார அணிகளாகச் சாய்த்துக்கொண்டே வந்து, கடைசியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படையணியிடம் ஒரு கோல் வாங்கி, ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்து, முடியப்போகிற நேரத்தில் அபிலாஷ் கோஷ் அடித்து ஜெயித்தது, பதினொரு பேரில் பூட்ஸ் போட்டவர் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான், மற்றவர்களுக்கு வெறுங்கால்.

ஒருநாள், உங்க அப்பா எந்தப் பக்கம் நின்னு பார்த்தார் என்று கேட்டேன். அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். அப்பா பார்க்கவே இல்லை என்றார். கூட்டம் அப்படி, முன்னால் ஆயிரக்கணக்கான முதுகு, பின்னால் நின்றவர்களுக்காக யாரோ பட்டம் விட்டார்கள், கோல் விழ விழ அந்தப் பட்டத்தில் கணக்கு எழுதி ஏற்றுவார்கள், அப்பா கழுத்து வலிக்க வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அபிலாஷ் கோஷ் அடித்த கோல் அவருக்கு மேகத்தில் விழுந்தது, ஆனால் சாகிறவரைக்கும் அதை அவர் காலால் அடித்துக் காட்டுவார், இந்த வராந்தாவில், இப்படி. எண்பது வயதில் வீட்டுக்காரர் எழுந்து, வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, அப்பா உதைத்த மாதிரி காற்றை உதைத்தார். எனக்கு அந்த நேரத்தில் கை சுட்டது, உண்மையாகவே, தீக்குச்சி பிடித்திருந்த விரல் இடுக்கில்.

டீக்கடையில் பேரன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். பெரியவர் ஒருவர், எதிர்பாராத ஆட்டமெல்லாம் இப்ப எங்க இருக்கு என்று பொதுவாகச் சலித்தார், அது சரியில்லை என்று தோன்றியது, 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நம் தமிழ்நாட்டுப் பெண்கள், தேசியக் கோப்பையை வீட்டுச் சொத்துபோல வைத்திருந்த மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் 2-1 என்று அடித்தார்களே, இந்தக் கடையில் யாராவது ஒரு டீ அதற்காகக் குடித்தோமா. 2022இல் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை வீழ்த்தியது எனக்கு ஏ.டி.எம். வரிசையில் நிற்கும்போது போனில் வந்தது, கேஸ் சிலிண்டர் பதிவான செய்திக்கும் பழனி கோயில் தங்கத்தேர் செய்திக்கும் நடுவில், ‘ஓ’ என்று சொல்லிவிட்டுப் பணம் எடுத்தேன்.

“தாத்தா, மதுரை கோலைச் சொல்லுங்க,” என்றான் பையன். என் நண்பன் அதை அவனுக்கு ஏற்கனவே பலமுறை சொல்லியிருக்கிறான், இருந்தாலும் நான் சொல்லவேண்டும், தோற்ற மறுநாளுக்கு அது ஒரு மருந்து. சொன்னேன், ரயில், மல்லிகை, மூட்டை பிடிக்கிற கோலி, தூறல், எல்லாம். பந்து காலில் பட்ட இடம் வந்தது.

“இடதுகால்தான?” என்றான் அவன், “தாத்தா எப்பவும் இடதுகால்னு சொல்லும்.”

காற்று மறுபடி அந்த வாடையைக் கொண்டுவந்தது, நாற்பத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் வழுக்காமல் போன என் நாக்கு நின்றுவிட்டது.

“தெரியாதுய்யா,” என்றேன், “நான் பாக்கல. திரும்பி உக்காந்து பெரியவருக்குச் சுருட்டுப் பத்தவச்சுக்கிட்டு இருந்தேன்.”

பையன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நண்பன் கிளாஸைப் பலகையில் வைத்தான், கொஞ்சம் சத்தமாகவே.

“என்ன மாப்ள இப்படிச் சொல்ற,” என்றான், “நீ பாத்தன்னுல்ல நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

“நீ எங்க இருந்த?”

அவன் பதில் சொல்லவில்லை, சட்டைப் பையில் சில்லறையைத் தேடினான், மூன்று டீக்கு முப்பத்தாறு ரூபாய், எண்ணி வைத்தான், “சாப்பாட்டுக் கடை பாத்துட்டு வரலாம்னு வெளிய போயிருந்தேன்,” என்றான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, “தோத்துருவோம்னுதான் இருந்துச்சு.”

பையன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அப்போ பெரியவர் அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சுன்னு சொன்னார் என்று கேட்டான், நான் உள்ளங்கையைக் குவித்து டீக்கடைப் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினேன், சரியாக வரவில்லை, பலகை நனைந்திருந்தது, கொஞ்சம் நகர்ந்து காய்ந்த இடமாகப் பார்த்து இன்னொரு தடவை தட்டினேன்.